அந்தக் காலத்து விளக்கும் தொன்மையான கிண்ணமும்

குன்னூரில் தம்பி வைத்திருக்கும் பழம்பொருள் கடைக்கு விவரச்சீட்டு எழுதித் தருவது நான்தான். எல்லாவற்றுக்கும் 'புராதன' என்றே போடு, நல்ல விலைக்குப் போகும் என்கிறான் அவன். எனக்கு மனசு ஒப்பவில்லை.

எஸ்டேட் பங்களாவிலிருந்து வந்த அரிக்கேன் விளக்கு இன்னும் எரிகிறது. அதற்கு 'அந்தக் காலத்து விளக்கு' என்பதே அழகு. யாரோ கையில் பிடித்து நடந்த நெருக்கம் அதில் வந்துவிடுகிறது. 'பழைய விளக்கு' என்றால் கழித்துப் போட்டது மாதிரி ஒலிக்கிறது. (சோற்றுக்கும் புளிக்கும் மட்டும் 'பழைய' என்பது பெருமை!)

1899-இல் குன்னூர் வரைக்கும் 1908-இல் ஊட்டிக்கும் வந்த மலை ரயிலைச் சிலர் 'தொன்மையான ரயில்' என்கிறார்கள். கல்லாறு தாண்டியதும் இன்றைக்கும் பல் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிற ரயிலுக்கு 'பாரம்பரிய'தான் சரி. விட்டுப்போகாமல் கைமாறி வருவது என்ற பொருள் அதில் இருக்கிறது. 2005-இல் யுனெஸ்கோ சேர்த்ததும் உலகப் பாரம்பரியப் பட்டியலில்தானே.

'தொன்மை'யை நீலகிரியின் கல்வட்டங்களுக்கென்று, அதாவது கற்களை வட்டமாக அடுக்கிய பழங்கால ஈமச் சின்னங்களுக்கென்று, வைத்திருக்கிறேன். அவற்றில் தோண்டியெடுத்த மண்கலங்களும் வெண்கலக் கிண்ணங்களும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் வரை போயிருக்கின்றன. செய்தவர் பெயர்கூடத் தெரியாத பொருளுக்குத்தான் அவ்வளவு தூரத்துச் சொல் வேண்டும்.

அப்புறம், நேற்று ஒரு பித்தளைத் தராசு வந்தது. தட்டெல்லாம் தேய்ந்திருக்கிறது. 'நன்றாகப் புழங்கிய தராசு' என்று எழுதிக் கட்டிவிட்டேன்.