"தெரிவது வேறு, செய்ய வைப்பது வேறு" என்று எழுதி மதிப்பெண் இழந்த கதை

குடிமைப் பணி மெயின்ஸுக்குத் தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுத்தேன். இரண்டு தாள், 500 மதிப்பெண். முதல் தாளில் ஸ்பினோசா, லைப்னிட்ஸ் என்ற ஐரோப்பியத் தத்துவவாதிகள் பகுதியில் நியதியும் (எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டது என்பது) சுதந்திரமும் வரும். இரண்டாம் தாளில் கடவுளின் இயல்புகளும் கடவுள் இருப்புக்கான வாதங்களும். தனித்தனியாகப் படிக்கும்போது சுலபம்தான். ஒரே கேள்வியில் எல்லாம் முட்டிக்கொண்டால் பேனா நின்றுவிடும்.

பயிற்சித் தேர்வில் கேட்டார்கள்: எல்லாம் அறிந்த கடவுள் இருந்தால் மனிதனுக்குச் சுதந்திரம் உண்டா? "தெரிவது வேறு, செய்ய வைப்பது வேறு. மழை வரும் என்று எனக்குத் தெரிவதால் மழை வருவதில்லை" என்று எழுதினேன். ஆசிரியர் அந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டு ஓரத்தில் எழுதியிருந்தார்: "உங்கள் கணிப்பு பொய்க்கலாம். அவருடையது?"

அப்புறம்தான் அமெரிக்கத் தத்துவவாதி நெல்சன் பைக் 1965-இல் எழுதிய கட்டுரையை ஒழுங்காகப் படித்தேன். ஜோன்ஸ் என்பவர் சனிக்கிழமை புல் வெட்டுகிறார். அது 80 ஆண்டுகளுக்கு முன்பே கடவுளுக்குத் தெரியும். வெட்டாமல் இருக்க ஜோன்ஸால் முடியுமா? முடியும் என்றால், ஒன்று கடவுளின் அறிவு பொய்க்க வேண்டும், அல்லது நடந்து முடிந்த காலத்தை ஜோன்ஸ் மாற்ற வேண்டும். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. முடிச்சு காரணத்தில் இல்லை, மாற்ற முடியாத இறந்தகாலத்தில் இருக்கிறது. என் மழை உதாரணம் இதைத் தொடவே இல்லை.

ஆகவே, இந்த வாதத்தின் எந்தப் படியை உடைக்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள். ஆறாம் நூற்றாண்டில், மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையிலிருந்த ரோமானியத் தத்துவவாதி போயத்தியஸ், கடவுள் காலத்துக்குள்ளேயே இல்லை, அவருக்கு "முன்பே" என்று ஒன்றும் கிடையாது என்றார். கடவுளின் முன்னறிவு முழுக்க முடிந்துபோன இறந்தகாலச் செய்தி அல்ல என்பது இடைக்கால ஆங்கிலேயத் தத்துவவாதி ஒக்காமின் வழி. யார் எந்தச் சூழலில் எதைத் தாமே தேர்ந்தெடுப்பார்கள் என்பதும் கடவுளுக்குத் தெரியும் என்றார் ஸ்பானிய இறையியலாளர் மொலினா. எனக்கு மிகவும் பிடித்தவர் போயத்தியஸ்தான். ஆனாலும், காலம் கடந்த அறிவையும் என்னால் மாற்ற முடியாதே என்ற மறுப்பை விடாமல் எழுதுவேன். அறைத் தோழனும் நானும் இரவு தோறும் கட்சி மாறி வாதாடியதில் கிடைத்த மறுப்பு அது.

அடுத்து, கடவுள் இருப்புக்கான வாதங்கள். அதில் பிரபஞ்சத் தோற்றத்தில் பலரும் தடுக்குவது ஆரம்பத்தையும் ஆதாரத்தையும் (உலகைத் தாங்கி நிற்கும் அடிப்படையையும்) குழப்பி. உலகம் தொடங்கியது, ஆகவே அதற்குக் காரணம் உண்டு என்பது இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலியின் வாதம். இடைக்காலக் கிறிஸ்தவத் தத்துவவாதி அக்குவினாஸோ, உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பதைப் பகுத்தறிவால் மட்டும் நிறுவ முடியாது என்றவர். அவர் பேசுவது உலகம் இப்போதும் எதைச் சார்ந்து நிற்கிறது என்பது. அவரைப் பற்றிய விடையில் பெருவெடிப்பைச் சான்றாகச் செருகாதீர்கள். அந்தக் கோட்பாட்டுக்கு வழிகாட்டிய லெமெய்த்தரே ஒரு கத்தோலிக்கக் குரு. அவர்கூட அதைக் கடவுளுக்கான நிரூபணமாகக் காட்டவில்லை.

சைவ சித்தாந்த ஆசிரியரான நம் மெய்கண்டார் இங்கே கைகொடுப்பார். "அந்தம் ஆதி என்மனார் புலவர்" என்று உலகை ஒடுக்குபவனையே முதல்வனாக்குகிறார். அதே நேரத்தில், பதியைப் (கடவுளை) போலவே பசுவும் (உயிரும்) பாசமும் (உயிரைப் பிணிக்கும் தளையும்) அநாதி, தொடக்கமற்றவை என்கிறது சைவ சித்தாந்தம். சூனியத்திலிருந்து படைக்காத கடவுள்! 20 மதிப்பெண் கேள்வியில் இந்த ஒப்பீட்டுக்குத் தாராளமாக இடம் உண்டு. 10 மதிப்பெண் என்றால் 150 சொல்தான், அக்குவினாஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.