பிரிக்ஃபீல்ட்ஸைத் தோண்டிய பிறகு சைக்கிளில் வேலைக்குப் போவது

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸின் முக்கியச் சாலையான ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு பக்கத்தைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். குழாயா கேபிளா என்று பலகையில் எழுதித்தான் இருக்கும், ஆனால் சைக்கிளில் போகிறவன் நின்று படிக்கிற இடத்தில் அந்தப் பலகை இருக்காது. சிவப்பும் வெள்ளையுமாகத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தடுப்புகள், அதற்குள் மண் அள்ளும் இயந்திரம், மிச்சமிருக்கும் ஒற்றைத் தடத்தில் பஸ், லாரி, கிராப் கார், மோட்டார் எல்லாம். அந்த வரிசையில் நாமும் சைக்கிளை நுழைத்தால் பின்னால் வருகிறவர் ஹாரனிலிருந்து கையை எடுப்பதில்லை.

பழைய கிள்ளான் சாலையிலிருந்து லெபோ அம்பாங்வரை தினமும் மிதிக்கிறவன் நான். பிரிக்ஃபீல்ட்ஸ் என் வழியில் நட்டநடுவில் இருக்கிறது. லென்சோங்கான், அதாவது மாற்றுவழிப் பலகையின் அம்புக்குறி என்னை எங்கே அனுப்புகிறது தெரியுமா? ஜாலான் சைட் புத்ரா. காருக்கு அது சின்னச் சுற்று. காலை எட்டு மணிக்கு அந்த நெடுஞ்சாலையின் ஓரத்தில் சைக்கிள் ஓட்ட என்னால் முடியாது, யாரையும் ஓட்டச் சொல்லவும் மாட்டேன். வழிகாட்டும் செயலியான வேஸைத் திறந்தாலும் இதே கதைதான், காரையும் மோட்டாரையும் மனதில் வைத்துத்தான் அது வழி சொல்கிறது.

மாற்றுப் பாதை தேடுகிறவர்கள் பொதுவாக எந்தத் தெருவில் போகலாம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கோலாலம்பூரில் அது வேலைக்கு ஆகாது. இங்கே தெருவுக்குப் பஞ்சமில்லை, பஞ்சமெல்லாம் கடக்கிற இடங்களுக்குத்தான். பிரிக்ஃபீல்ட்ஸையே பாருங்கள்: ஒரு பக்கம் கிள்ளான் ஆறு, ஒரு பக்கம் ரயில் தண்டவாளம், தெற்கே போனால் சைட் புத்ரா. உள்ளே எத்தனை சந்து இருந்தாலும் வெளியே வர வாசல்கள் கொஞ்சம்தான். அதனால் ஆற்றுக்கு மேலே எங்கே பாலம், தண்டவாளத்துக்குக் கீழே எங்கே சுரங்கப்பாதை, நெடுஞ்சாலையை எங்கே சிக்னலோடு கடக்கலாம் என்று முதலில் அந்த வாசல்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் அவற்றை இணைக்கிற சந்துகளைத் தேடுங்கள். நாம் இடது பக்கம் ஓட்டுகிற நாடு என்பதால் வலது திருப்பம் குறைவாக உள்ள வழியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஒரு கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை.

2014இல் ஜெஃப்ரி லிம் என்ற சைக்கிள் ஆர்வலர் தன்னார்வலர்களோடு சேர்ந்து கோலாலம்பூருக்கென்று ஒரு சைக்கிள் வரைபடம் வெளியிட்டார். உண்மையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போகிற வழிகளை வைத்து வரைந்தது. நகரம் அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது, இருந்தாலும் பெரிய சாலைகளைத் தொடாமல் எப்படி யோசிப்பது என்று கற்றுக்கொள்ள அதை ஒருமுறை தேடிப் பாருங்கள்.

இப்போது என் வழி. மிட் வேலி பேரங்காடி பக்கமிருந்து டத்தாரான் மெர்டேக்கா சதுக்கம்வரை 5.5 கிலோமீட்டருக்கு ஒரு தனி சைக்கிள் பாதை இருக்கிறது, 2015இல் திறந்தது. கம்போங் அப்துல்லா ஹுக்கும், ஆற்றோரம் என்று போகும். பாதி நாள் அதுதான் கைகொடுக்கிறது. மீதி நாள்? முந்தின இரவு நல்ல மழை பெய்திருந்தால் தாழ்வான இடங்களில் சேறு, பாலத்துக்கு அடியில் இருட்டு, மாலையில் தனியாகப் போக எனக்கே யோசனையாக இருக்கும். பெண்கள் அந்த நேரத்தில் இதைத் தவிர்ப்பதில் வியப்பில்லை. 2018இல் நகர மையத்தில் நீல வண்ணத் தடம் போட்டார்கள், நினைவிருக்கிறதா? வண்ணம் தெரிகிற இடமெல்லாம் கார் நிற்கிறது. அதை நம்பி வழி வகுக்காதீர்கள்.

ஆற்றோரம் சரிப்படாத நாளில் பிரிக்ஃபீல்ட்ஸுக்குள் நுழைந்து ஜாலான் ஸ்காட், ஜாலான் பெர்ஹாலா, ஜாலான் தம்பிப்பிள்ளை என்று பார்த்துப் பார்த்துப் போவேன். பல தெருக்கள் ஒருவழி, எதிர்த்திசையில் ஓட்டாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். உணவகங்களின் பின்சந்து காலியாகத் தெரியும், ஆசையாக இருக்கும், ஆனால் காலையில் அங்கேதான் சட்டி பானை கழுவிய எண்ணெய்த் தண்ணீர் ஓடும், கேஸ் லாரி நிற்கும். அந்தத் தண்ணீரில் பிரேக் பிடித்தால் சைக்கிள் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம்.

நடைபாதை விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறார். பிரிக்ஃபீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கான சங்கமும் இங்கேதான். நடைபாதையில் கோடும் புள்ளியுமாக மேடு வைத்த மஞ்சள் கற்களைப் பார்த்திருப்பீர்கள், அவர்கள் வழி கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். சாலையைத் தோண்டுகிறவர்கள் தடுப்பின் காலைக் கொண்டுபோய் அந்தக் கல்மேலேயே வைத்துவிடுகிறார்கள். ஒரு பெரியவர் வெள்ளைக் கோலால் தடுப்பைத் தட்டினார், பக்கவாட்டில் தட்டினார், மறுபடி தடுப்பையே தட்டினார், கடைசியில் மாலை கட்டுகிற அக்கா எழுந்து வந்து கையைப் பிடித்துச் சுற்றிக் கூட்டிப்போனார். அந்த இடுக்கில், சாலையில் இடமில்லை என்று சொல்லி, மணி அடித்துக்கொண்டு நடைபாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். இறங்கித் தள்ளினால் என்ன குறைந்துவிடும்?

தோண்டிய சாலையைப் படிக்கவும் கொஞ்சம் பழக வேண்டும். குழிமேல் போட்டிருக்கும் இரும்புத் தகடு மழையில் சோப்பு போட்ட மாதிரி இருக்கும். அதன்மேல் திரும்பாதீர்கள், பிரேக் பிடிக்காதீர்கள், நேராக ஏறி நேராக இறங்குங்கள். அதைவிட மோசம் மூடிய பிறகு வருகிற தார் பட்டை. நாம் போகிற திசையிலேயே நீளமாக ஒரு விளிம்பு, மெல்லிய டயர் அதில் மாட்டினால் ஹாண்டில் நம் பேச்சைக் கேட்காது. நான் 25 மில்லிமீட்டர் டயரைக் கழற்றிவிட்டு 38 போட்டுவிட்டேன், வேகம் போனது, நிம்மதி வந்தது. தரையில் ஸ்பிரே பெயிண்டில் அம்பும் எண்ணும் புதிதாக முளைத்திருந்தால் சீக்கிரமே அங்கேயும் தோண்டப் போகிறார்கள் என்று அர்த்தம், அன்றே அடுத்த வழியை யோசித்துவிடலாம். 2024 ஆகஸ்டில் மஸ்ஜித் இந்தியா நடைபாதை உள்வாங்கி ஒரு பெண்மணியை விழுங்கியதற்குப் பிறகு, இறங்கிப்போன தரையையோ நீர் கசிகிற விரிசலையோ பார்த்தால் நான் சுற்றித்தான் போகிறேன். பயந்தாங்கொள்ளி என்று சொன்னாலும் சரி.

புது வழியை வேலை நாளில் சோதிக்காதீர்கள். ஞாயிறு காலையில் ஒருமுறை மெதுவாகப் போய்ப் பாருங்கள், பிறகு வழியில் இருப்பவர்களைக் கேளுங்கள். ரொட்டி விற்கிற மோட்டார் அண்ணனும் சாப்பாடு கொண்டுபோகிற தம்பிகளும் எந்தச் சந்தின் கேட்டை எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்பதுவரை சொல்வார்கள்.

அடைமழை என்றால் இவ்வளவு வீரமெல்லாம் வேண்டாம். மடக்கு சைக்கிளை எல்ஆர்டி ரயிலில் ஏற்ற விடுகிறார்கள். அப்துல்லா ஹுக்குமில் ஏறினால் பங்சார், கேஎல் சென்ட்ரல், பாசார் செனி, அதற்கடுத்தது மஸ்ஜித் ஜாமெக். அங்கே இறங்கினால் லெபோ அம்பாங் நடக்கிற தூரம்தான், சைக்கிளை விரிக்கக்கூட வேண்டாம். கூட்டம் நெரிகிற நேரத்துக்கு முன்னாலேயே ஏறிவிடுங்கள், சேறு அப்பிய சக்கரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பை எடுத்துக்கொள்ளுங்கள்.