இடது முன்சக்கரத்தின் கிறீச்சொலி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறக்கும் சமயத்தில், திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, வேதாரண்யம் வட்டாரச் சாலைகளில் பிரேக் பிடிக்கும்போது கிறீச்சிடும் கார்களை அடிக்கடி கேட்கிறேன். பட்டறைக்குக் கொண்டுபோனால், பெரும்பாலும் சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பே, ‘பேட் போயிடுச்சு சார், மாத்திடுவோம்’ என்ற பதில் வந்துவிடுகிறது; புதிய பேட் (சக்கரத்தோடு சுழலும் தட்டை அழுத்தி நிறுத்தும் உராய்வுக் கட்டை) போட்டுச் சில வாரங்கள் ஓடியதும் அதே சத்தம் திரும்பி வருகிறது. எங்கள் வீட்டுக் காரிலும் இதுவே நடந்தது. அதன் பிறகு சக்கரத்தை நானே கழற்றிப் பார்க்கத் தொடங்கினேன். காவிரி டெல்டாவில் ஓடும் கார்களில் பேட் தேய்வதற்கு முன்பே, அதைத் தாங்கி நகர்த்தும் பாகங்கள் சேற்றாலும் உப்புக்காற்றாலும் இறுகிவிடுகின்றன என்பதும், சத்தத்தின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது என்பதும் அப்போதிலிருந்து என் உறுதியான கருத்து.

இதற்குக் காரணம் எங்கள் நிலத்தின் அமைப்பே. இங்கே மலைப்பாதை இல்லை. சரிவில் இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வரவேண்டிய நிலையும் இல்லை. அதனால் பேட் மெதுவாகவே தேய்கிறது, தடிமன் மிச்சமிருக்கும்போதே அதற்கு வயதாகிவிடுகிறது. ஆனால், வயலில் சேடை (சேற்றுழவு) ஓட்டிவிட்டு, கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரத்தோடு கரையேறும் டிராக்டர்கள் தார்ச்சாலையெங்கும் களிமண்ணை உதிர்த்துச் செல்கின்றன. அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல்லைக் காயவைப்பதால் சுணையும் வைக்கோல் துணுக்கும் பறக்கின்றன. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் போனால் உப்புக் கலந்த காற்று இரும்பை அரிக்கிறது. இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. எங்கள் கிளைச் சாலைகளில் எதிரே பேருந்து வந்தால், இடப்பக்கச் சக்கரங்களை மண் ஓரத்தில் இறக்கித்தான் வழிவிட வேண்டும். மழைக்காலம் முழுவதும் இப்படி இறங்கி ஏறும் இடது முன்சக்கரத்துக்குள் வலது சக்கரத்தைக் காட்டிலும் அதிகச் சேறு போகிறது. இங்கே இடப்பக்கம் அதிகமாகக் கத்துவதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சத்தம் எப்படிப் பிறக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், அதை எங்கே தேடுவது என்பது தெளிவாகும். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இருபுறமிருந்தும் பேட் அழுத்தும்போது, அது சீராக வழுக்காமல் பற்றுவதும் நழுவுவதுமாக இருந்தால், வயலின் வில்லின் கீழே தந்தி அதிர்வதைப் போல டிஸ்க்கும் பேட்டும், பேட்டைப் பிடித்து அழுத்தும் காலிப்பரும் சேர்ந்து அதிர்கின்றன. வினாடிக்கு ஆயிரம் முறைக்கு மேல், சில வேளைகளில் பத்தாயிரம் முறைக்கும் மேல் நிகழும் அந்த அதிர்வே நம் காதில் கிறீச்சொலியாக விழுகிறது. பேட் தன் இடத்தில் உறுதியாக அமர்ந்து, காலிப்பர் தடையின்றி நகர்ந்து, இரண்டு பக்கமும் சமமாக அழுத்தினால் இந்த அதிர்வு எளிதில் தொடங்குவதில்லை. பேட்டைப் பிடித்திருக்கும் கிளிப் தளர்ந்திருந்தாலோ, பேட்டின் முதுகில் இருக்கும் ஷிம் என்ற மெல்லிய தகடு இல்லாமற்போயிருந்தாலோ, காலிப்பர் ஒருபக்கம் இறுகிக் கோணலாக அழுத்தினாலோ தொடங்கிவிடுகிறது.

ஆகவே கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பு, சத்தம் எப்போது வருகிறது என்பதை ஒரு வாரமாவது கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பனி பெய்த இரவுக்குப் பிறகோ மழைக்குப் பிறகோ, காலையில் முதல் இரண்டு மூன்று முறை மட்டும் கத்திவிட்டு அடங்கினால், அது டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு. பேட்டே அதைத் துடைத்துவிடும், அதற்காக எதையும் கழற்ற வேண்டியதில்லை. பிரேக் பிடிக்காமல் ஓடும்போதே மெல்லிய கீச்சொலி தொடர்ந்து கேட்டு, பெடலை மிதித்ததும் அது மாறினாலோ நின்றாலோ, பேட்டில் உள்ள தேய்வு எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கை உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமன் மிஞ்சும்போது டிஸ்க்கைத் தொட்டுக் கத்துவதற்காகவே அந்தச் சிறு தகட்டை வைத்திருக்கிறார்கள். புதிதாக ஜல்லி போட்ட சாலையில் போய்வந்த உடனே திடீரென்று பெரும் இரைச்சல் தொடங்கினால், டிஸ்க்குக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் நடுவே சிறு கல் சிக்கியிருக்கலாம். கிறீச்சொலி போய், இரும்பும் இரும்பும் அரைபடும் கரகரப்பு வந்துவிட்டால், அதற்கு மேல் அந்தக் காரை ஓட்டக் கூடாது.

எந்தச் சக்கரம் என்பதைக் கண்டுபிடிக்க நான் எங்கள் ஊர்ப் பாலங்களைப் பயன்படுத்துகிறேன். இருபுறமும் வயல் விரிந்த சாலையில் சத்தம் வெட்டவெளியில் கரைந்துவிடுகிறது. வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டி, போக்குவரத்து இல்லாத நேரத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டிப் பிரேக்கை இலேசாக மிதித்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி எந்தப் பக்கம் கத்துகிறது என்று தெளிவாகச் சொல்லிவிடும். சிறிது தூரம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்தியபின், சக்கரங்களின் அருகே, தொடாமல், கையை நீட்டிப் பார்ப்பதும் பயனுள்ள சோதனை. ஒரு சக்கரத்திலிருந்து மட்டும் அனல் அடித்தால், அங்கே பேட் டிஸ்க்கை விட்டு முழுமையாக விலகவில்லை என்று பொருள்.

சக்கரத்தைக் கழற்றும்போது சமதரையில் நிறுத்தி, எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் அடைகொடுத்து, ஜாக்கியால் தூக்கிய பிறகு காருக்கு அடியில் தாங்கியை நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. மழையில் ஊறிய களிமண் தரையில் ஜாக்கி அப்படியே புதைந்து சாயும் என்பதால், எங்கள் பகுதியில் இதைச் சிமென்ட் தளத்தில் மட்டுமே செய்ய வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். காலிப்பரைக் கழற்றியதும் அதை ரப்பர் குழாயில் தொங்கவிடாமல், ஒரு கம்பியால் மேலே கட்டிவிட வேண்டும்.

கழற்றிய பேட்டுகளைக் கையில் எடுத்துப் பார்ப்பதுதான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கட்டம், ஏனெனில் பல மாதக் கதையை அவை சொல்லிவிடுகின்றன. சிறிய காரின் புதிய பேட்டில் உராய்வுப் பொருள் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இருக்கும்; 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால், வேறு ஆராய்ச்சி தேவையில்லை, மாற்றிவிட வேண்டும். தடிமன் போதுமான அளவு இருந்து, உள்பேட்டும் வெளிப்பேட்டும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால், காலிப்பர் ஒழுங்காக நகர்கிறது என்று நம்பலாம். உள்பேட் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தாலோ, ஒரே பேட் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருந்தாலோ, காலிப்பர் நகரும் கம்பியான ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது அல்லது பேட்டைத் தள்ளும் பிஸ்டன் சரியாகத் திரும்பவில்லை. எங்கள் காரின் இடது சக்கரத்தில் கண்டது இந்தச் சாய்ந்த தேய்மானத்தைத்தான். வலது சக்கரத்தின் பேட்டுகள் சீராக இருந்தன.

ஸ்லைடு பின் என்பது காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கு உதவும் வழவழப்பான உருண்டைக் கம்பி. ஒவ்வொரு முன்சக்கரத்திலும் மேலே ஒன்றும் கீழே ஒன்றும் இருக்கும். பிஸ்டன் உள்பேட்டைத் தள்ளும்போது, இந்தக் கம்பிகளின் மேல் காலிப்பர் வழுக்கி வந்துதான் வெளிப்பேட்டையும் டிஸ்க்கோடு சேர்த்து அழுத்துகிறது. இந்தப் பின்னின் ரப்பர் உறை கிழிந்தால் சேற்றுநீர் உள்ளே போய், கிரீஸைக் கழுவி, துருப்பிடிக்க வைக்கிறது. நல்ல நிலையில் உள்ள பின்னைக் கையால் இழுத்தால் வரும், தள்ளினால் போகும். எங்கள் காரின் கீழ்ப் பின் ஸ்பேனர் போட்டுத் திருகித் திருகித்தான் வெளியே வந்தது. துரு இலேசாக இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் துடைக்கலாம். குழி விழுந்திருந்தால் புதிய பின்னும் உறையும் வாங்கிப் போடுவதே முறை, அவற்றின் விலையும் பேட் விலையோடு ஒப்பிட்டால் குறைவுதான். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் பல கார்களில் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதால், எது எங்கே இருந்தது என்பதைக் குறித்து வைத்துக்கொள்வது அவசியம். பூசுவதற்குப் பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸைத்தான் பயன்படுத்த வேண்டும். பேரிங்குக்குப் போடும் சாதாரண மஞ்சள் கிரீஸ் பெட்ரோலிய எண்ணெயால் ஆனது. அது இந்த ரப்பரை உப்பவைத்து, பின்னை முன்னிலும் மோசமாக இறுக்கிவிடும். பேட் மாற்றும் கூலியை வாங்கிக்கொண்டு பின்னைத் தொட்டுக்கூடப் பார்க்காத பட்டறைகள் மீது எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. பத்து நிமிட வேலையைத் தவிர்ப்பதால், வாடிக்கையாளர் நல்ல பேட்டைத் தூக்கி எறிகிறார், வியாதி அப்படியே இருக்கிறது.

பேட்டின் இரு முனைகளிலும் நீட்டியிருக்கும் காதுகள் அமரும் பிராக்கெட்டின் (காலிப்பரைத் தாங்கும் சட்டத்தின்) பள்ளங்களில் களிமண் காய்ந்து செங்கல்லாகியிருக்கும். கிளிப்புகளைக் கழற்றிக் கம்பித் தூரிகையால் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். காற்று அடித்துத் தூசியைப் பறக்கவிடும் வழக்கத்தை அனைவரும் விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் பிரேக் தூசி நுரையீரலுக்குக் கேடு. பிரேக் கிளீனர் தெளித்து ஈரமாகத் துடைத்தால் போதும். பேட்டின் முகம் கண்ணாடிபோல் மின்னினால், 120 எண் உப்புத்தாளைச் சமதளத்தில் வைத்து, அந்த மினுமினுப்பு போகும்வரை மட்டும் தேய்க்கலாம். ஷிம் தகடு விழுந்துபோயிருந்தால் புதிதாகப் போட வேண்டும். பேட்டின் முதுகிலும் காதுகளிலும் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் வைக்கலாம், உராயும் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு துளிகூடப் படக் கூடாது. சத்தத்தை நிறுத்துவதாகச் சொல்லி டிஸ்க்கின் மேல் எண்ணெய் தெளிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது சத்தத்தோடு பிரேக்கையும் சேர்த்து நிறுத்திவிடும்.

புதிய பேட் போடுவதாக இருந்தால், பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் தொட்டியில் மட்டம் உயர்வதைக் கவனிக்க வேண்டும், வழிந்தால் பெயிண்டை அரித்துவிடும். டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனையும் அப்போதே அளந்து ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் பூட்டியதும், காரை நகர்த்துவதற்கு முன்பே பெடலைப் பலமுறை மிதித்து அது கெட்டியாகும்வரை காத்திருப்பது உயிர் தொடர்பான விஷயம். அதன்பின் காலியான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்துக்குக் குறையும்வரை, முழுவதும் நிறுத்தாமல், மிதமாக ஏழெட்டு முறை பிரேக் பிடித்து, இடையிடையே ஆறவிட்டால், புதிய பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகிவிடும். இதைச் செய்யாமல் விடுவதால் கத்தும் புதிய பேட்டுகளும் உண்டு.

பின்சக்கரத்து டிரம் பிரேக், அதாவது சுழலும் உருளையை ஷூ என்ற வளைந்த கட்டைகள் உள்ளிருந்து அழுத்தும் பிரேக், கத்துவது வேறு வகை. உள்ளே புகுந்த சேறு காய்ந்து பொடியாகித் தங்குவதும், பிரேக் ஷூ அமரும் தகட்டின் மேடுகளில் கிரீஸ் வற்றிப்போவதுமே அங்கே வழக்கமான காரணங்கள். மழை இரவுகளில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினால் ஷூ டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்கிறது என்பதால், ஐப்பசி, கார்த்திகையில் சமதரையில் நிறுத்தும்போது கியரில் போட்டுச் சக்கரத்துக்குச் செங்கல் அடைகொடுத்துவிடுகிறேன். டிரம்மைத் திறக்கும்போது உள்ளே ஈரப்பிசுக்கு தெரிந்தால், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறது. பிரேக் ஆயிலில் நனைந்த ஷூவைத் துடைத்துப் பயனில்லை, இரு பின்சக்கரங்களுக்கும் ஷூவை மாற்றி, சிலிண்டரைச் சீர்செய்து, குழாய்களில் காற்றை வெளியேற்ற வேண்டும். அந்த வேலையை மட்டும் பட்டறையில் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்த்துச் செய்துகொள்கிறேன்.