மருந்தாளுநர் சீட்டில் எதைப் பார்க்கிறார்?

மருந்தாளுநர் என்றால் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவர், அவ்வளவுதானே என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது மெத்தோட்ரெக்சேட் கதையைத்தான். முடக்குவாதத்துக்கு அந்த மாத்திரையை வாரம் ஒருமுறைதான் சாப்பிட வேண்டும். சீட்டில் கைதவறி 'தினமும்' என்று விழுந்துவிட்டால், எலும்பு மஜ்ஜையே படுத்துவிடும், உயிர் போனதும் உண்டு. அந்த ஒரு சொல்லைக் கவனித்து, மருந்தைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்து, மருத்துவருக்குப் போன் போடுவதுதான் வேலையே. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையைச் சாப்பிடுகிறவர் மூட்டு வலிக்கு இபுப்ரோஃபென் கேட்டால் ரத்தக்கசிவு வருமே என்று தடுப்பதும் இதே கணக்குதான். (காத்திருப்பவர்களுக்கு இது வீண் தாமதமாகத் தெரியும், வேறு வழியில்லை.)

சரி, இவரை யார் கண்காணிக்கிறார்கள்? பட்டம் மட்டும் போதாது. பயிற்சி முடித்து, பல நாடுகளில் தனித் தேர்வும் எழுதி, பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் உரிமம். அப்புறம் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குத் தொடர்கல்வியும் பெரும்பாலும் கட்டாயம். மார்ஃபின் மாதிரி போதை தரும் மருந்துகள் பூட்டின அலமாரியில் இருக்கும், வரவும் செலவும் ஏட்டில் ஏறும், கணக்கு உதைத்தால் விளக்கம் சொல்லியாக வேண்டும். பெரிய தவறென்றால் பெயரையே நீக்கிவிடுவார்கள்.

மருத்துவத்தையும் மருந்து விற்பனையையும் பிரிக்கும் சட்டத்தை 13ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் கொண்டுவந்துவிட்டார். எழுதுகிறவரே விற்றால் லாபம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று அப்போதே தெரிந்திருக்கிறது. இன்று பிரிட்டனில் கூடுதல் தகுதி பெற்ற மருந்தாளுநர்கள் தாங்களே மருந்து எழுதலாம் என்பது தனிக்கதை.