வெட்டிய இடத்தில் இசை இடறும்

குழந்தைகள் சேனல் ஒன்றில் மூன்று வருடம் எடிட்டராக இருந்தேன். பழைய அமெரிக்க கார்ட்டூன்களை ஒளிபரப்புக்கு முன் பார்த்து, விதிப்பட்டியலுக்கு ஒத்துவராததை வெட்ட வேண்டும். சிகரெட், மது, தலையில் வைத்த துப்பாக்கி, அப்புறம் வெடிகுண்டு வெடித்ததும் முகம் கருத்து உதடு மட்டும் பெரிதாகத் தெரிகிற, கறுப்பின மக்களைக் கேலி செய்யும் காட்சி.

நான் முதலில் வெட்டியது டாம் அண்ட் ஜெர்ரியில் அப்படி ஒரு வெடிதான். இரண்டே வினாடி, சினிமாக் கணக்கில் 48 ஃப்ரேம். படம் ஒட்டிக்கொண்டது, இசை ஒட்டவில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு விழுதலுக்கும் அளந்து இசை எழுதியவர் ஸ்காட் பிராட்லி, அதில் 48 ஃப்ரேம் போனால் நடுவில் ஒரு படி இல்லாத மாடிப்படி மாதிரி காது இடறும். "பீட் விழற இடத்துல வெட்டு தம்பி" என்றார் சவுண்ட் பார்க்கும் அண்ணன். இசை ஓரளவு சரியானது. ஆனால் அந்தக் கேலிமுகத்துக்காகவே கட்டிய காட்சி அது, அதை எடுத்தபின் டாம் எதற்கு ஓடுகிறான் என்றே புரியவில்லை.

அமெரிக்காவில் இந்தக் கட்டுப்பாடு பழையது. ஹாலிவுட் படங்களுக்கு 1930இல் எழுதிய தயாரிப்பு விதிகளை 1934இலிருந்து தணிக்கை அதிகாரி ஜோசப் பிரீன் கறாராக அமல்படுத்தினார். கார்ட்டூன் நாயகி பெட்டி பூப்பின் குட்டைப் பாவாடை நீண்டது, கழுத்து மூடியது, கதை மெல்ல நாய்க்குட்டி பட்ஜிக்கும் கிராம்பி தாத்தாவுக்கும் போனது. 1939இல் அந்த வரிசையே நின்றுவிட்டது. எனக்கு அது பெரிய இழப்பாகத்தான் படுகிறது. ட்வீட்டி தப்பித்தது. 1942இல் கார்ட்டூன் இயக்குநர் பாப் கிளாம்பெட் வரைந்தது இறகில்லாத இளஞ்சிவப்புக் குஞ்சு, அம்மணமாகத் தெரிகிறது என்று ஆட்சேபம் வர, மஞ்சள் இறகு முளைத்தது, 1947இல் வந்த படம் ஆஸ்கரும் வாங்கியது. வரைகிற மேசையிலேயே தடை வந்தால் ஓவியர் அதற்கொரு வழி கண்டுபிடிக்கலாம். வருடங்கள் கழித்து என்னைப் போல ஒருவன் கத்தரியோடு வரும்போது பதில் சொல்ல அவர் அங்கே இல்லை.

என்னை அதிகம் உறுத்தியது, டாமை விரட்டும் அந்தக் கறுப்பினப் பணிப்பெண். அந்தச் சித்திரிப்பு கறுப்பின மக்களைப் புண்படுத்தியது, அவர்கள் எதிர்த்தது முழுக்க நியாயம். ஆனால் 1960களில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அவளை அழித்து வெள்ளைக்காரப் பெண்ணாக மறுபடி வரைந்தபோது, குரல் கொடுத்த லில்லியன் ராண்டால்ஃப் என்ற கறுப்பின நடிகையும் சேர்ந்தே காணாமல் போனார். அவமானத்தைச் செய்தவர்களின் தடயம் துடைக்கப்பட்டது, உழைத்தவரின் குரலும் போயிற்று. பின்னாளில் வார்னர் நிறுவனம் டிவிடிகளின் தொடக்கத்தில், இந்தச் சித்திரிப்புகள் அன்றும் தவறு இன்றும் தவறு என்று எழுதிப் போட்டு, படத்தைத் தொடாமல் விட்டது. பெரியவர்கள் பார்க்க அதுதான் சரியான வழி என்று நம்புகிறேன்.

பெரியவர்களுக்காக வெட்டாமல் போட சேனலில் ஓர் இரவு நேரம் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு வெட்டிய ஒவ்வொன்றையும், எந்தப் படம், எந்த நிமிடம், எத்தனை ஃப்ரேம், ஏன் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். வேலையை விட்டபோது அதை அடுத்து வந்த பெண்ணிடம் கொடுத்தேன். முதல் பக்கத்தில் இருப்பது அந்த 48 ஃப்ரேம்.