குடிநீர் ஆபரேட்டர் பயிற்சி: வகுப்பில் பாதி, தொட்டியடியில் மீதி

பயிற்சிக்கு வரும் ஆபரேட்டரிடம் நாங்கள் முதலில் கேட்பது, “உங்க தொட்டி எத்தனை லிட்டர்?” என்பதுதான். பெரும்பாலும் தொட்டியின் மேல் பெயின்டால் எழுதியிருக்கும் எண்தான் பதிலாக வரும். அந்த எண்ணை அப்படியே நம்பிக் கணக்குப் போட்டால் பிளீச்சிங் பவுடரின் அளவு முதல் நாளே தப்பிவிடும். டேப்பைக் கையில் கொடுத்துத் தொட்டியின் உள்விட்டத்தையும், வெளியேறும் குழாயிலிருந்து வழிவாய்க் குழாய் வரையுள்ள உயரத்தையும் அவரையே அளக்கச் சொல்ல வேண்டும். விட்டம் 4 மீட்டர், உயரம் 2.4 மீட்டர் என்றால் 0.785 × 4 × 4 × 2.4 = சுமார் 30 கன மீட்டர், அதாவது 30,000 லிட்டர். இதே தொட்டியில் நீர்மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினால் 125 லிட்டர் போயிருக்கிறது. இந்த 125 என்ற எண்ணை அவர் மனப்பாடமாக வைத்துக்கொண்டால் பிறகு கசிவு பார்ப்பது பாதி முடிந்த வேலை.

வகுப்பில் ‘இத்தனை லிட்டருக்கு இத்தனை கிராம் பவுடர்’ என்று ஓர் அளவுப் பட்டியலைக் கொடுத்து அனுப்பும் பயிற்சிகளில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. பட்டியல் தப்பாக இருப்பதில்லை. அதில் உள்ள தண்ணீரும் பவுடரும் அவருடையவை அல்ல, அவ்வளவுதான். புதிய பிளீச்சிங் பவுடரில் 30 முதல் 35 சதவீதம் வரை குளோரின் இருக்கும். மூட்டையைத் திறந்து வைத்தாலோ, ஈரமும் வெயிலும் பட்டாலோ அது மளமளவென்று இறங்கும். 30,000 லிட்டருக்கு 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) என்றால் தேவை 60 கிராம் குளோரின். 25 சதவீதப் பவுடரானால் 240 கிராம் போதும், 15 சதவீதமாக இறங்கியிருந்தால் 400 கிராம் வேண்டும். மூட்டையைப் பார்த்து எது எந்த சதவீதம் என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீரில் இரும்பு, மாங்கனீஸ், அம்மோனியா, அழுகல் கழிவு இருந்தால் அவையும் தம் பங்குக் குளோரினைத் தின்றுவிடும்.

ஆகவே கற்றுக்கொடுக்க வேண்டியது வாளிச் சோதனை. கையில் இருக்கும் அதே பவுடரில் 40 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட வேண்டும். தலா 10 லிட்டர் கொண்ட நான்கு பிளாஸ்டிக் வாளிகளில், குளோரின் போடாத தண்ணீரை நேரே போர்வெல்லிலிருந்து பிடித்து, ஊசியில்லாத சிரிஞ்சால் தெளிந்த கரைசலை 1, 2, 3, 4 மில்லி என்று விட்டுக் கலக்கவும். அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு, எந்த வாளியில் மீதக் குளோரின் (தண்ணீரில் செலவாகாமல் எஞ்சுவது) 0.5 பிபிஎம் அளவில் நிற்கிறது என்று பார்க்கவும். 2 மில்லி வாளி என்று வைத்துக்கொள்வோம். 10 லிட்டருக்கு 0.08 கிராம் பவுடர், 30,000 லிட்டருக்கு 240 கிராம். பவுடரின் சதவீதம் தெரியாமலே அளவு கிடைத்துவிட்டது, ஏனென்றால் சோதித்ததும் போடப்போவதும் ஒரே பவுடர். நான்கு வாளியிலும் பூஜ்யம் வந்தால் பவுடர் செத்துவிட்டது, அல்லது தண்ணீரில் ஏதோ பெரிதாக இருக்கிறது. புது மூட்டை பிரிக்கும்போதும், மழைக்காலம் தொடங்கும்போதும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

அளவு கிடைத்ததும் அந்த எடையை ஒருமுறை தராசில் நிறுத்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி, கோடு போட்டுவிடலாம். தினமும் தராசு தேடச் சொன்னால் நடக்காது. பாதித் தொட்டி நீர் ஏற்கெனவே குளோரினோடு இருந்தால், புதிதாக ஏறும் பாதிக்கு மட்டும் போட வேண்டும். பவுடரை வாளித் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட்டுக் கரைக்க வேண்டும். பவுடரின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. தெளிந்ததை மட்டும், மோட்டார் ஓடித் தண்ணீர் விழும்போதே தொட்டியில் ஊற்றினால் தானாகக் கலக்கும். அடியில் தங்கும் சுண்ணாம்பை ஊற்றினால் வால்வும் குழாயும் அடைக்கும்.

மீதக் குளோரினைப் பார்ப்பதில் ஒரு பொறி உண்டு, அதை வகுப்பிலேயே கண்முன் காட்டிவிட வேண்டும். டிபிடி என்ற குளோரின் சோதனை மாத்திரையை மாதிரி நீரில் போட்டால் குளோரின் உள்ள நீர் இளஞ்சிவப்பாகும். ஆனால் குளோரின் மிக அதிகமாக, 10 பிபிஎம்முக்கு மேலே போனால், அந்த நிறத்தையே அது வெளுக்க வைத்துவிடும். ஒரு நொடி சிவந்து உடனே நிறமற்றுப் போகும் அந்தக் குழாயைப் பார்த்தவர் “குளோரினே இல்லை” என்று இன்னொரு டப்பா பவுடர் போடுவார். சந்தேகம் வந்தால் ஒரு பங்கு மாதிரி நீரோடு குளோரின் இல்லாத நீர் ஒன்பது பங்கு சேர்த்து மறுபடி சோதித்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்க வேண்டும். மாத்திரையை விரலால் தொடக் கூடாது. போட்டவுடனே நிறத்தைப் படிக்க வேண்டும், வைத்துப் படித்தால் கூடுதலாகக் காட்டும்.

எங்கே பார்ப்பது? தொட்டியடியிலும் கடைசி வீட்டுக் குழாயிலும். அரை மணி நேரம் கலந்திருந்த பிறகு குறைந்தது 0.5, குழாய் முனையில் குறைந்தது 0.2 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். தொட்டியடியில் 0.6 இருந்து கடைக்குழாயில் பூஜ்யமானால் பவுடரைக் கூட்டுவதற்கு முன் குழாயைப் பாருங்கள்: முனையில் தேங்கிய அழுக்கு, சாக்கடைக்குள் ஓடும் இணைப்பு, கசிவு. தண்ணீர் நின்ற நேரத்தில் கசிவின் வழியே வெளியழுக்கு உள்ளே இழுக்கப்படும்.

கசிவுக்கு இரவுச் சோதனை. எல்லோரும் தூங்கிய பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு மட்டத்தை அளந்து, மூன்று மணி நேரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் மணிக்கு 400 லிட்டருக்கு மேல் எங்கோ போகிறது. அடுத்த இரவு வெளியேறும் வால்வை மூடிவிட்டு அளக்கவும். அப்போதும் இறங்கினால் ஓட்டை தொட்டியிலோ, வால்விலோ, மோட்டாரின் திரும்பா வால்விலோ (ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுப்பது) இருக்கிறது.

மோட்டார் பகுதியில் ஆபரேட்டரை எலக்ட்ரீஷியன் ஆக்கப் பார்க்காதீர்கள். வோல்ட், ஆம்பியர், தண்ணீர் மீட்டரின் எண் மூன்றையும் எழுதப் பழக்கினால் போதும். ஆம்பியரும் தண்ணீரும் சேர்ந்து குறைந்தால் போர்வெல்லில் நீர் இறங்கியிருக்கலாம், வால்வு முழுதாகத் திறக்காமல் இருக்கலாம், இம்பெல்லர் (பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) தேய்ந்திருக்கலாம். ஆம்பியர் ஏறித் தண்ணீர் குறைந்தால் முதலில் வோல்ட்டைப் பாருங்கள். அது சரியென்றால் மணலோ பேரிங்கோ பிடிக்கிறது, ஓட்டுவதை நிறுத்துங்கள். மீட்டரில் குறையவில்லை, ஆனால் தொட்டி நிரம்ப நேரம் கூடுகிறது என்றால் மீட்டருக்கும் தொட்டிக்கும் நடுவே குழாய் உடைந்திருக்கிறது. மின்சாரம் அளவுக்கு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே டிரிப் ஆனால் திருகைக் கூட்டி வைத்து ஓட்டும் பழக்கம்தான் மோட்டார்களை எரிக்கிறது.

இத்தனையும் சொல்லி அனுப்பினாலும் இரண்டு மாதத்தில் நோட்டில் எண்கள் ஒரே மாதிரி ஆகத் தொடங்கும். தினமும் 0.5, தினமும் 0.5. அது சோதனை நின்றுபோனதற்கான அடையாளம், பெரும்பாலும் மாத்திரை தீர்ந்திருக்கும். அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய தேசிய ஊரக நீர்ச் சங்கத்தின் ‘சர்க்யூட் ரைடர்’கள் செய்வது இதற்கான மருந்துதான்: தெரிந்த ஒருவர் ஊர் ஊராகச் சுற்றி வந்து, ஆபரேட்டரோடு அவருடைய தொட்டியடியிலேயே நின்று வேலை பார்ப்பது. ஹோண்டுராஸ், எல் சல்வடோர் நாடுகளிலும் இதே முறை வந்தது. வருபவர் ஆய்வுக்கு வருகிற அதிகாரி போல வந்தால் நோட்டு மட்டும் அழகாகும். மாதம் ஒருமுறை வந்து, சேர்ந்து ஒரு வாளிச் சோதனை போட்டு, மாத்திரையும் கசிவை அடைக்கும் கிளாண்டு கயிறு கொஞ்சமும் வாஷரும் கெப்பாசிட்டரும் கொடுத்துவிட்டு, இடையில் போன் போட்டால் எடுத்தால் நோட்டில் உண்மையான எண்கள் வரும். 0.1 என்று எழுதியவரைத் திட்டக் கூடாது.

தொட்டி கழுவும் நாளை முதல் முறை இந்த வருகையோடு சேர்த்து வையுங்கள். தேய்த்துக் கழுவியபின், 10 லிட்டரில் 8 கிராம் பவுடர் கரைத்த நீரைச் (25 சதவீதப் பவுடரில் 200 பிபிஎம்) சுவரெங்கும் அடித்து அரை மணி நேரம் விட்டுக் கழுவி வெளியேற்ற வேண்டும். உள்ளே இறங்குபவர் தனியாக இறங்கக் கூடாது, மேலே ஓர் ஆள் நிற்க வேண்டும். எண்ணெய் எஞ்சின் பம்பைத் தொட்டிக்குள்ளோ கிணற்றுக்குள்ளோ இறக்கி ஓட்டவே கூடாது, அதன் புகை ஆளைக் கொல்லும்.

பவுடர் வாங்கப் பணம் ஒதுக்குபவரையும் ஒரு வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். பாதிச் சிக்கல்கள் ஆபரேட்டரின் கையில் இல்லை. ஒரு வருடத்துக்கான மூட்டைகளை மொத்தமாக வாங்கி அடுக்குவது சிக்கனம் என்று நினைப்பவர் அவர்தான். மூன்று மாதத்துக்கு மேல் போகாத அளவு வாங்கி, மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில், மோட்டார் ஸ்டார்ட்டர் இல்லாத அறையில் வைக்கச் சொல்லுங்கள். குளோரின் ஆவி ஸ்டார்ட்டரின் செம்பு முனைகளை அரித்துவிடும்.

ஒவ்வொரு தொட்டிக்கும் இரண்டாவது ஆள் ஒருவரையும் சேர்த்தே பழக்க வேண்டும். பழகினாரா என்று பார்க்க வழி: ஆபரேட்டருக்கு ஒரு வாரம் லீவு கொடுத்துவிட்டு, அந்த வாரத்து நோட்டையும் கடைக்குழாய் நீரையும் நேரில் போய்ச் சோதிப்பது.