கோத்தகிரியில் இருந்துகொண்டு லேப்டாப் வாங்கிய கதை

மகள் பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்ததும், வீட்டுக்கு ஒரு லேப்டாப் வாங்கியே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. இது 2025 மே மாதம். கையில் நாற்பதாயிரம் தேறும். பாதி தேயிலைக் கொழுந்து விற்ற காசில் மிச்சம் பிடித்தது, மீதி மகளிர் குழுவில் எடுத்த கடன். ஒரு தடவை வாங்கினால் அவள் காலேஜ் முதல் இரண்டு வருஷம் வரைக்கும் ஓட வேண்டும். பட்டாக் காகிதம், ஆதார் திருத்தம், ஃபேக்டரி கணக்கு என்று வீட்டு வேலைக்கும் அதுவே ஆக வேண்டும்.

அக்கா பையனுக்கு அரசு கொடுத்த லேப்டாப்பில்தான் இவள் முதலில் தட்டிப் பழகினாள். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தது. அது தன் காலத்துக்கு நன்றாக உழைத்துவிட்டது. இனி அதில் புதிதாக எதையும் ஏற்ற முடியாது.

விசாரிக்க ஆரம்பித்ததும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கோவையில் ஐ.டி. வேலை பார்க்கும் சொந்தக்காரத் தம்பி, ஐ7க்குக் கீழே வாங்காதீங்க என்றான். ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் இன்டெல் கம்பெனியின் பிராசசர் வகைகள், லேப்டாப்பின் மூளை மாதிரி. இன்னொருவர் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் எப்படி என்று கேட்டார். நான் நேராகப் பள்ளிக்குப் போய் கம்ப்யூட்டர் மிஸ்ஸிடம், பிள்ளைகள் உண்மையில் அதில் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். பதினொன்றாம் வகுப்பில் சி++ புரோகிராம் மொழி, பன்னிரண்டில் பைத்தான் மொழியும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸும், நடுவில் புராஜெக்ட் டைப் செய்வது, வீடியோ பாடம் பார்ப்பது, அவ்வளவுதான் என்றார். பிள்ளைகள் எழுதும் புரோகிராம் எதுவும் மெஷினைத் திணறடிக்காது. பிரவுசரில் பத்து டேப் திறந்து வைப்பதுதான் அதைவிடப் பாரம் என்றும் சொன்னார். 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி, நல்ல கீபோர்டு, இதைப் பார்த்து வாங்குங்க என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். ராம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைத் தாங்கும் நினைவகம், எஸ்எஸ்டி என்பது ஃபைல்களைச் சேமிக்கும் வேகமான டிஸ்க். ஐ7க்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் கூடுதலாகப் போயிருக்கக்கூடிய இருபதாயிரம் அந்தத் தாளால் மிச்சம்.

அதன் பிறகு நான் அதிகம் அலைந்தது வேறு ஒரு கேள்விக்காக. ரிப்பேர் ஆனால் யார் மலையேறி வருவார்கள்?

கீழே இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. சர்வீஸ் சென்டர் நாலு ஸ்டாப் தள்ளி இருக்கும். எங்களுக்கு மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோவை பஸ் பிடித்து, கொடுத்துவிட்டு வந்து, திரும்ப வாங்கவும் அதே மாதிரி போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. அதனால் எந்த மாடலைப் பார்த்தாலும் விலைக்கு முன்னால் வாரண்டியைத்தான் படித்தேன். அதில் இரண்டு வகை. ஒன்றில் நாம் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். இன்னொன்றில் ஆள் வீட்டுக்கு வந்து பார்ப்பார், அதை ஆன்சைட் என்கிறார்கள். பெட்டியில் ஆன்சைட் என்று போட்டிருந்தாலும் அது எல்லா ஊருக்கும் கிடையாது. ஒரு கம்பெனியின் எண்ணுக்குப் போன் போட்டு எங்கள் பின்கோடு 643217 என்றேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மேடம், உங்க ஏரியா லிஸ்டில் வரலை, சென்டருக்குக் கொண்டு வந்துடுங்க” என்றாள். கடைக்காரர் அதே மாடலைத்தான் வீட்டுக்கே வருவாங்க என்று எனக்குச் சொல்லியிருந்தார். இரண்டு கம்பெனிகள் எங்கள் பின்கோடுக்கு வருவோம் என்றன. வாயால் சொன்னது போதாது, மெயிலில் அனுப்புங்கள் என்று கேட்டேன், அனுப்பினார்கள். மற்ற எல்லாவற்றையும் அந்த இரண்டுக்குள்ளேயே தேடினோம்.

மலையில் இருப்பவர்கள் காசு கொடுக்கும் முன் இந்த ஒரு போனைப் போட்டுவிட வேண்டும். குன்னூருக்கு வருபவர் கோத்தகிரிக்கு வருவார் என்று சொல்ல முடியாது, கோத்தகிரி டவுனுக்கு வருபவர் கீழ்க்கோத்தகிரிக்கு வருவார் என்றும் சொல்ல முடியாது.

செகண்ட் ஹேண்டும் பார்த்தோம். ஆபீஸ்களில் மூன்று நாலு வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் திங்க்பேட், லாட்டிட்யூட் மாதிரி மெஷின்கள் கோவை காந்திபுரம் பக்கம் அப்போது இருபதாயிரத்தைச் சுற்றிக் கிடைத்தன. உடம்பு கெட்டி, கீபோர்டு அருமை, திறந்து பாகம் மாற்றுவதும் சுலபம். காசு இன்னும் இறுக்கமாக இருந்திருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன், அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் இரண்டு விஷயம் பார்த்து வாங்க வேண்டும்.

முதலாவது விண்டோஸ். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிகிறது என்று மைக்ரோசாஃப்ட் முன்பே அறிவித்திருந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். கடையில் எங்களுக்கு முதலில் எடுத்துக் காட்டியது ஏழாம் தலைமுறை. பார்க்கப் புதுசு போலவே இருந்தது, எட்டாம் தலைமுறையைவிட மூவாயிரம் குறைவு. அந்த மூவாயிரத்துக்கு ஆசைப்பட்டிருந்தால் நாலைந்து மாதத்தில் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோயிருக்கும். விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு அது பிரச்சினை இல்லை. எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை.

இரண்டாவது பேட்டரி. கடைத் தம்பி நல்ல பையன், கேட்டதை எல்லாம் காட்டினான். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தான். ஒரு பக்கம் திறந்தது. அதில் இரண்டு எண்களை மகள்தான் கண்டுபிடித்துக் காட்டினாள்: புதிதாக இருந்தபோது எவ்வளவு மின்சாரம் பிடித்தது, இப்போது முழு சார்ஜில் எவ்வளவு பிடிக்கிறது. முதலாவது 24,000 சொச்சம், இரண்டாவது 14,000 சொச்சம். “அக்கா, பேட்டரி வேணா மாத்திக்கலாம், ஆனா ஒரிஜினல் கிடைக்கிறது கொஞ்சம் சிரமம்” என்று அவனே சொன்னான். அந்த நேர்மைக்காகவே அவன் கடையில்தான் பிறகு பையும் மவுஸும் வாங்கினோம்.

பேட்டரிக்கு நான் இவ்வளவு பார்த்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் காற்றும் மழையும் சேர்ந்தால் கற்பூர மரமோ சீகை மரமோ கம்பி மேல் விழும், கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வருஷம் மழை மே கடைசியிலேயே பிடித்துக்கொண்டது. கலெக்டர் லீவு விட்டாலும் பாடம் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். ஆகவே கரண்ட் இல்லாமல் ஒரு சாயங்காலம் முழுக்க ஓட வேண்டும் என்பது எங்கள் கணக்கு. பெட்டி மேல் பத்து மணி நேரம் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். பேட்டரி எத்தனை வாட் அவர், அதாவது எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்று கேளுங்கள். டைப் செய்வது, பாடம் பார்ப்பது போன்ற வேலைக்கு இந்த மாதிரி லேப்டாப் சுமார் 10 வாட் இழுக்கும். 42 வாட் அவர் பேட்டரி என்றால் நாலு மணி நேரம் தாங்கும். வெளிச்சத்தைக் குறைத்தால் இன்னும் கொஞ்சம். டைப்-சி வழியாகவும் சார்ஜ் ஏறும் என்றால் இன்னும் நல்லது, சார்ஜர் கெட்டுப்போனால் புதுசு கீழேயிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

புது லேப்டாப் பக்கம் வந்தபோது பெயர்களில்தான் குழப்பம். ஐ3 என்றாலே மட்டம், ஐ5 என்றால் உசத்தி என்று நினைப்பது சரியில்லை. ஐ3-1215யூ என்பதில் 12 என்பது தலைமுறை. அதில் ஆறு கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள், இருக்கிறது. பழைய எட்டாம் தலைமுறை ஐ5இல் நாலுதான். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் பிராசசரில் இன்னொரு நுணுக்கம்: 7520யூ, 7530யூ இரண்டும் ரைசன் 5 தான், கடைப் பலகையில் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறது. 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3. முதலாவது பழைய வடிவமைப்பு. அதோடு 7520யூ வகையில் ராம் போர்டிலேயே பற்றவைத்து வருகிறது, பிறகு கூட்ட வழியில்லை. செலரான் என்ற மலிவு பிராசசரைப் போட்டு இருபத்தைந்தாயிரத்துக்குள்ளும் அப்போது கொடுத்தார்கள். அதில் பல மாடல்களில் 4 ஜிபி ராமும் 64 ஜிபி ஸ்டோரேஜும்தான். விண்டோஸ் அப்டேட்டுக்கே இடம் போதாது. அதை வாங்குவதற்குப் பதில் நல்ல செகண்ட் ஹேண்ட் வாங்குவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

ராம் கூட்ட முடியுமா என்பதைக் கடையிலேயே பார்க்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் ராம் செருகும் ஸ்லாட் இரண்டில் ஒன்று பயன்பாட்டில் என்று காட்டும். ஒன்று காலி என்றால் பிறகு போட்டுக்கொள்ளலாம். இதை மகளே டெமோ மெஷின் ஒவ்வொன்றிலும் அழுத்திப் பார்த்து நோட்டில் குறித்தாள்.

ஸ்கிரீனை மூடியைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். டிஎன் பேனல் என்றால் கொஞ்சம் சாய்ந்ததும் முகத்தின் நிறமே மாறி, நெகட்டிவ் போல ஆகிவிடும். ஐபிஎஸ் பேனலில் அது வராது. தினமும் மூன்று மணி நேரம் பிள்ளை பார்க்கப் போகும் ஸ்கிரீன் இது. ஒரே மாடல் பெயரில் இரண்டு வகை ஸ்கிரீனும் விற்கிறார்கள். அதனால்தான் நான் வாங்கிய மாடல் பெயரைச் சொல்லாமல் எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். டப்பா ஓரத்தில் ஒட்டியிருக்கும் நீளமான பார்ட் நம்பரை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும்.

கடைசியில் வாங்கியது ஐ3-1215யூ, 8 ஜிபி ராம், ஒரு ஸ்லாட் காலி, 512 ஜிபி எஸ்எஸ்டி, ஐபிஎஸ் ஸ்கிரீன், 42 வாட் அவர் பேட்டரி. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து முப்பத்தாறாயிரத்துச் சொச்சம். மிச்சத்தில் ஆன்சைட் வாரண்டியை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டினோம். வட்டியில்லாத் தவணை என்று கடையில் நிறைய வற்புறுத்தினார்கள். பேப்பரை வாங்கிப் படித்தால் புராசஸிங் கட்டணம் தனியாக இருக்கிறது, வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்தாலும் அந்த வட்டி மேல் ஜிஎஸ்டி நம் தலையில்தான். குழுக் கடன் எங்களுக்கு அதைவிடச் சௌகரியம், தவணை தப்பினால் பேசிச் சரிசெய்ய அக்காமார் இருக்கிறார்கள்.

எம்எஸ் ஆபீஸ் ஆயுள் உரிமத்தோடு வந்தது. சில மாடல்களில் ஒரு வருஷச் சந்தாதான் வரும், கேட்டு வாங்குங்கள். வராவிட்டாலும் லிப்ரே ஆபீஸ் இலவசம், பள்ளி வேலைக்குத் தாராளம். தமிழ் டைப் செய்ய விண்டோஸ் 11இல் தமிழ் 99 உள்ளேயே இருக்கிறது. மகள் அதைப் பழகி, வீட்டுக்காரர் தாசில்தார் ஆபீசுக்குக் கொடுக்க வேண்டிய மனுவை முதல் வாரத்திலேயே அடித்துக் கொடுத்தாள்.

மலைக்கென்று இரண்டே கவனிப்பு. பீரோவுக்குள் பூட்டி வைக்கவே கூடாது. எங்கள் ஊர் ஈரத்துக்குச் செருப்பும் பெல்ட்டும் பூஞ்சை பிடிப்பது போல உள்ளே ஈரம் இறங்கும். தினம் கொஞ்ச நேரம் ஓடினாலே அந்தச் சூட்டில் காய்ந்துவிடும். லேப்டாப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைத்திருக்கிறோம். பனிக்காலத்தில் வெளியிலிருந்து சில்லிட்டு வந்ததை அடுப்படிப் பக்கம் வைத்து உடனே ஆன் செய்யக் கூடாது. மேலே நீர் கோத்திருக்கும், அறைச் சூட்டுக்கு வரட்டும் என்று விட வேண்டும்.

தீபாவளி கழித்து டச்பேட் இடது ஓரத்தில் அழுந்தாமல் போனது. போன் போட்டதும் முதலில் சென்டருக்குக் கொண்டு வாருங்கள் என்றுதான் சொன்னார்கள். அந்தப் பழைய மெயிலை அனுப்பினேன். மறுபேச்சு இல்லை, பாகம் வந்ததும் கோவையிலிருந்து ஆள் வந்தார். எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, அடிப்பக்கத்து ஸ்க்ரூக்களை வரிசை மாறாமல் ஒரு தட்டில் எடுத்து வைத்து, அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார். மகள் பக்கத்திலேயே குந்தியிருந்து காலி ராம் ஸ்லாட் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். பன்னிரண்டாம் வகுப்புக்கு முன் இன்னொரு 8 ஜிபி போடலாம் என்று இருந்தோம். ராம் விலை ஒரேயடியாக ஏறிக் கிடப்பதால் இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். இருக்கிற 8 ஜிபியில் பைத்தான் தடையில்லாமல் ஓடுகிறது.